மூச்சுக்குழல் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லை?

வேதிமாறன் (இழை தொடங்கியவர்)

பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது மூச்சு மண்டலம் ஓடுகிறது. மூச்சுக்குழலில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் உண்டு, எதுவும் முழு வட்டம் இல்லை, எல்லாமே பின்பக்கம் திறந்தவை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "ஏன் சார், பின்னாடி மட்டும் விட்டுட்டாங்க?" என்றாள். பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது, சாப்பாடு இறங்கும்போது அது விரிய இடம் வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "அப்போ முழு வட்டமா இருந்தா சாப்பாடு இறங்காதா?" என்று உடனே அடுத்த கேள்வி.

நியாயமான கேள்வி. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இங்கே மருத்துவத் துறை ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உண்மையான காரணம் என்ன?

சும்மாபடிப்பவன்

புத்தகத்தில் இருப்பது சரிதானே. முன்னால் விறைப்பு, பின்னால் நெகிழ்வு. இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

இயன்முறை நிர்மலா

இருக்கிறது. நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் இந்தக் குழலோடு தினமும் பழக்கம். காரணத்துக்குப் போவதற்கு முன்னால் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

குரல்வளை மேட்டிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்குங்கள். ஒரு சின்னப் பள்ளம் வரும். அதைத் தாண்டியதும் கெட்டியாக ஒரு வளையம் தட்டுப்படும். அதன் பெயர் கிரிக்காய்டு, அது குரல்வளையைச் சேர்ந்தது. மூச்சுக்குழல் தொடங்குவது அதன் கீழ்விளிம்பில். அங்கிருந்து நெஞ்சுக்குள் இறங்கி இரண்டாகப் பிரியும் வரை வளர்ந்தவர்களுக்கு 10 முதல் 12 செ.மீ. நீளம், ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். பெண்களுக்குக் கொஞ்சம் குறுகல். மேல்பாதி கழுத்தில், கீழ்ப்பாதி மார்பெலும்புக்குப் பின்னால்.

அப்புறம் மார்பெலும்பின் மேல்விளிம்பில் இருக்கும் குழியில் விரல் நுனியை மெதுவாக வையுங்கள். வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருடும். விரலை எடுக்காமல் எச்சிலை விழுங்கினால் குழல் மேலேறி இறங்குவது தெரியும். மூச்சுக்குழல் ஓரிடத்தில் இறுக்கிப் பொருத்திய குழாய் இல்லை. தலையை நிமிர்த்தினால் நீளும், குனிந்தால் குறுகும், ஆழமாக மூச்சிழுத்தால் அடிமுனை கீழே போகும். வளையங்களுக்கு நடுவே இருக்கும் நார்ச்சவ்வுதான் அந்த இழுவைக்கு ஈடுகொடுக்கிறது.

மருத்துவர்கள் அதே குழியில் விரல் வைத்துக் குழல் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பக்க நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்தினால் குழல் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நுரையீரல் சுருங்கிப்போயிருந்தால் அந்தப் பக்கமே இழுபடும். துளி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அது சகஜம், பயப்பட வேண்டாம்.

வளையத்தின் வேலை குழல் அமுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பின்பக்க இடைவெளியை ஒரு தசை மூடியிருக்கிறது, பெயர் ட்ரக்கியாலிஸ். நாம் நினைத்தபடி அசைக்க முடியாத தசை. மாறன் சாரின் மாணவி கேட்டிருப்பது உண்மையில் இந்தத் தசையைப் பற்றித்தான். வெறும் இடம் விடுவதாக இருந்தால் மெல்லிய சவ்வு போதும். அங்கே ஏன் தசை?

கால்நடைக்காரன்

விழுங்குவதற்காகத்தான் இடைவெளி என்பவர்கள் ஒருமுறை பறவைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலான பறவைகளுக்கு மூச்சுக்குழல் வளையம் முழு வட்டம். மீனை முழுசாக விழுங்குகிற பறவைகளும் அதில் அடக்கம். தொண்டை புடைக்கப் புடைக்க இறங்குகிறது, எந்தச் சிக்கலும் இல்லை.

இது எங்களுக்கு ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழலில் விடும் குழாயின் நுனியில் ஒரு சின்னக் காற்றுப்பை இருக்கும். உள்ளே போனதும் ஊதிவிடுவோம், சுற்றிலும் காற்று கசியாது. பறவைக்கு அப்படிச் செய்வதில்லை. பை இல்லாத குழாயையே பயன்படுத்துவோம். முழு வட்டத்துக்கு விரிந்துகொடுக்க வழி இல்லை, உள்ளிருந்து அழுத்தினால் உட்சுவர்தான் நசுங்கிப் புண்ணாகும்.

நாயிடம் நேர் எதிரான சிக்கல். சின்ன இன நாய்களில் வயதாக ஆக வளையம் வலுவிழந்து தட்டையாகிவிடும், பின்பக்கச் சவ்வு தொய்ந்து உள்ளே விழும். உற்சாகத்தில் குதித்தாலோ கழுத்துப்பட்டை இழுபட்டாலோ வாத்துக் கத்துகிற சத்தத்தில் இருமும். அவற்றுக்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பட்டை போடச் சொல்வோம். பாதித் தொல்லை அதிலேயே குறையும்.

சும்மாபடிப்பவன்

> மீனை முழுசாக விழுங்குகிற பறவைகளும் அதில் அடக்கம்

பறவைக்குக் கழுத்தில் உணவுக்குழாய் வலப்பக்கம் ஒதுங்கிப் போகிறது. நமக்கோ நேர் பின்னால், முதுகெலும்புக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா?

கால்நடைக்காரன்

ஒதுங்கிப் போவது உண்மை. ஆனால் முழு வட்டம் விழுங்குவதைத் தடுக்கும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாதே. மனிதரிலேயே முழு வட்டத்தோடு பிறப்பவர்கள் உண்டு, அதை மனித மருத்துவர் யாராவது சொல்லட்டும்.

மயக்கவியல் முருகேசன்

சொல்கிறேன். அபூர்வமாகச் சில குழந்தைகள் முழு வட்ட வளையங்களோடு பிறக்கின்றன. பின்பக்கத் தசையே இருக்காது, குழலும் சேர்ந்து குறுகலாக இருக்கும். அந்தக் குழந்தைகளை எங்களிடம் கொண்டுவரும்போது சொல்லப்படும் குறை மூச்சைப் பற்றியது: மூச்சில் இரைச்சல், பாலூட்டும்போது நீலம் பாய்வது, சாதாரணச் சளி பிடித்தாலே மூச்சு முட்டுவது. உணவு இறங்கவில்லை என்பது முதல் புகாராக வருவதில்லை. எனவே அந்த மாணவியிடம் "முழு வட்டமாக இருந்தாலும் சாப்பாடு இறங்கும்" என்று தைரியமாகச் சொல்லலாம். இடைவெளி விழுங்குவதற்கு வசதி செய்கிறது, அவ்வளவுதான். அதுவே முழுக் காரணம் என்று எழுதி வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

என் பார்வையில் அந்தத் தசைக்கு வேலை இருமலில்தான். ஒரு இருமலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். குரல்நாண்கள் இறுக மூடுகின்றன. வயிற்றுத் தசையும் விலா இடைத் தசையும் சேர்ந்து அமுக்க, நெஞ்சுக்குள் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தையும் தாண்டும். பிறகு குரல்நாண்கள் சட்டென்று திறக்கின்றன. அந்த நொடியில் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுக்குழலைச் சுற்றி இன்னும் அதே அழுத்தம். குழலுக்குள்ளோ காற்று வெளியேறுவதால் அழுத்தம் இறங்கிவிட்டது. முன்பக்கத்தைக் குருத்தெலும்பு தாங்கிக்கொள்ளும். பின்சுவர் தாங்காது, உள்நோக்கிப் பிதுங்கும். வட்டமாக இருந்த வழி பிறைக்கீற்றாகிவிடும். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே சங்கதி. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் காற்று பாயும். சளியையும் உள்ளே போன தூசியையும் பிய்த்துக்கொண்டு போவது அந்த வேகம்தான்.

முழு வட்டமாக இருந்தால் குழல் சுருங்காது. இருமலாம், ஆனால் இருமலில் வெட்டு இருக்காது. முழுக்கத் தசையாகவே இருந்தாலோ, பலமாக இருமும்போது குழல் மொத்தமும் ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு வளையம் தளர்ந்துபோய் இதே தொல்லை வரும், இருமினால் மூச்சே நின்றதுபோல் ஆகிவிடும். முக்கால் விறைப்பு, கால் நெகிழ்வு என்ற ஏற்பாட்டை இப்படிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது.

வேதிமாறன்

அருமை டாக்டர். ஒரே ஒரு இடறல். நெஞ்சுக்குள் இருக்கும் பகுதிக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. கழுத்தில் இருக்கும் பாதியைச் சுற்றி நெஞ்சு அழுத்தம் கிடையாதே? அங்கே இருமும்போது குழல் வெளியேதானே உப்ப வேண்டும்? அங்கேயும் ஏன் திறந்த வளையம்?

சும்மாபடிப்பவன்

ஆசிரியர் மடக்கிவிட்டார் :)

மயக்கவியல் முருகேசன்

நல்ல பிடி. கழுத்துப் பகுதி இருமலில் அப்படி அமுங்குவதில்லை, நீங்கள் சொல்வது சரி. அங்கே விழுங்குவதற்கு வசதி என்ற பழைய பதிலுக்குக் கூடுதல் பலம் இருக்கிறது, சும்மாபடிப்பவன் மகிழ்ந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. கருவின் நான்காவது வாரத்தில் மூச்சுக்குழல் தனியாக முளைப்பதில்லை. உணவுக்குழாயாகப் போகிற அதே முன்குடலின் முன்பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்து, அது மடிந்து பிரிந்து மூச்சுக்குழலாகிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் சுவர் கடைசியாகப் பிரியும் இடம். அங்கே குருத்தெலும்பு உருவாகாமல் மென்தசை உருவாகிறது. இந்தப் பிரிவு சரியாக நடக்காவிட்டால் இரண்டு குழாய்களுக்கும் நடுவே துளையோடு குழந்தை பிறக்கும். ஏறக்குறைய 3,000 முதல் 4,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. முதல் பாலிலேயே நுரை தள்ளி, இருமி, நீலம் பாயும். உடனே அறுவை சிகிச்சை தேவை.

உடம்பில் ஒரு அமைப்புக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று நாம் ஏன் அடம்பிடிக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ரெண்டுவயசுக்காரி அம்மா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். போன மாதம் மகளுக்கு நள்ளிரவில் திடீரென்று நாய் குரைக்கிற மாதிரி இருமல், மூச்சிழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம். மருத்துவமனையில் க்ரூப் என்றார்கள், மருந்து கொடுத்து ஆவி பிடிக்க வைத்தார்கள், சரியாகிவிட்டது. அதே கிருமி எனக்கும் தொற்றியது, எனக்கு வெறும் தொண்டை கரகரப்புதான். குழந்தைக்கு மட்டும் ஏன் அவ்வளவு மோசமாக ஆனது? இந்த வளையச் சமாச்சாரத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

மயக்கவியல் முருகேசன்

நேரடித் தொடர்பு உண்டு அம்மா. நிர்மலா சொன்ன கிரிக்காய்டு ஞாபகம் இருக்கிறதா? மூச்சுப் பாதை முழுவதிலும் இயல்பாகவே முழு வட்டமாக இருக்கும் குருத்தெலும்பு அது ஒன்றுதான். க்ரூப்பில் வீக்கம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வெளியே விரிய வழியில்லாததால் வீக்கம் அத்தனையும் உள்நோக்கியே வளரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் குழந்தையின் மூச்சுவழி 4 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மீதி 2 மி.மீ. பரப்பில் முக்கால்வாசி போய்விட்டது. காற்று சீராக ஓடும்போது தடை ஆரத்தின் நான்காம் மடங்குக்குத் தலைகீழாகப் போகும் என்பதால் தடை 16 மடங்கு ஏறும். காற்று சுழித்து ஓடினால் இன்னும் மோசம். உங்களுக்கு 18 மி.மீ. வழி, அதே 1 மி.மீ. வீக்கத்துக்குப் பின் 16 மி.மீ. பரப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்குக் கரகரப்பு, குழந்தைக்கு அவசரச் சிகிச்சை. அழ அழ மூச்சு வேகமாகும், சத்தமும் கூடும். அழவிடாமல் மடியில் வைத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். அமைதியாக இருக்கும்போதும் கீச்சுச் சத்தம் கேட்டாலோ விலா எலும்பு இடுக்குகள் உள்வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

அந்த முழு வட்டத்தை நாங்கள் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. வயிற்றில் உணவோடு அவசர அறுவைக்கு வருபவர்களுக்கு மயக்கம் கொடுக்கும்போது, உதவியாளர் கிரிக்காய்டைப் பின்னோக்கி அழுத்திப் பிடிப்பார். வட்டம் மூடியிருப்பதால் மூச்சுவழி நசுங்காமல் பின்னால் இருக்கும் உணவுக்குழாய் அடைபடும், வயிற்றில் இருப்பது மேலேறாது என்பது கணக்கு. 1961-ல் செல்லிக் என்ற பிரிட்டிஷ் மயக்கவியலாளர் எழுதிய முறை. உண்மையில் எவ்வளவு பயன் என்று எங்கள் ஆட்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே எந்த வளையத்தை அழுத்தினாலும் இந்த யோசனையே எழாது, பின்பக்கம்தான் திறந்திருக்கிறதே.

தேன்மொழி

அப்பாவுக்குக் கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி குழாய் வைத்திருக்கிறார்கள். வென்டிலேட்டர் எடுத்தாகிவிட்டது. பேச முயற்சி செய்கிறார், உதடு மட்டும் அசைகிறது. சளி பசை மாதிரி வருகிறது. வளையத்தை வெட்டித்தானே துளை போடுவார்கள்? குழாயை எடுத்த பிறகு அது ஒட்டிக்கொள்ளுமா? சுற்று வரும் மருத்துவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை.

மட்டுறுத்துநர்

தேன்மொழி, பொதுவான விளக்கம் இங்கே கிடைக்கும். அப்பாவின் சிகிச்சையில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அங்கிருக்கும் குழுவைக் கேட்டே செய்யுங்கள்.

ஐசியு பழையஆள்

தேன்மொழி தங்கச்சி, தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருந்தவள் நான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குரல்நாண்கள் துளைக்கு மேலே இருக்கின்றன. அப்பா விடும் மூச்சு குழாய் வழியாகவே வெளியே போய்விடுகிறது, குரல்நாணைத் தொடுவதே இல்லை. பேச்சு வராததற்கு அதுதான் காரணம், குரல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஒருவழி அடைப்பான் ஒன்று உண்டு. காற்றை உள்ளே விடும், வெளியே விடாது, அதனால் மூச்சு மேலே போய்க் குரல்நாண் வழியாக வரும். பேச்சுப் பயிற்சியாளர் வந்து பார்த்து, ஏற்றதென்றால் போடுவார். நீங்களாக எதையும் வைத்து அடைத்துப் பார்க்காதீர்கள். குழாயின் காற்றுப்பை ஊதியிருக்கும்போது அந்த அடைப்பானைப் போட்டால் மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியே இருக்காது. முதலில் பையின் காற்றை இறக்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த விதி.

சளி பசையாவது ஏன் என்றால், சாதாரணமாக மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தை ஒட்டி அது 37 டிகிரிக்கும் முழு ஈரத்துக்கும் வந்துவிடும். அப்பாவுக்கு மூக்கைத் தாண்டிக் காய்ந்த காற்று நேராக உள்ளே போகிறது. அதனால் குழாய் முனையில் ஈரம் பிடித்துவைக்கும் வடிகட்டியோ ஈரமாக்கும் கருவியோ வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா என்று கேளுங்கள். உள்குழாய் இருந்தால் அதை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கழுவுகிறார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் குழாயில் அவசரம் வந்தால் பெரும்பாலும் காய்ந்த சளி அடைத்துக்கொண்டதுதான் காரணமாக இருக்கும்.

துளை வழக்கமாக இரண்டாவது, மூன்றாவது வளையத்துக்கு நடுவிலோ அதற்கு அடுத்த இடுக்கிலோ இருக்கும். முதல் வளையத்தைத் தொடமாட்டார்கள், கிரிக்காய்டு பக்கத்தில் இருக்கிறது, அங்கே தழும்பு விழுந்தால் பின்னால் அவஸ்தை. குழாயை எடுத்துக் கட்டுப்போட்டால் பலருக்கு ஓரிரு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும், சிலருக்குத் தையல் தேவைப்படும். குருத்தெலும்பு பழையபடி வளர்ந்து சேராது, தழும்புத் திசு அந்த இடத்தை நிரப்பும்.

அந்தக் காற்றுப்பையைப் பற்றி இன்னொரு விஷயம். அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் எச்சில் கசிந்து இறங்கும். கூடினால் உட்சுவருக்கு ரத்தம் போகாது, திசு செத்துத் தழும்பாகிக் குழல் குறுகும். வெளியே தொங்கும் சின்னப் பலூனை விரலால் நசுக்கிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலுக்கு அது தெரியாது, அளவுமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சில வாரமோ மாதமோ கழித்து மூச்சிழுக்கும்போது சத்தம், மாடி ஏறினால் இரைப்பு என்று வந்தால், "கழுத்தில் குழாய் இருந்தது" என்பதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா என்று நினைத்து மருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்து, கடைசியில் குழல் குறுகல் என்று தெரிந்தவர்கள் உண்டு.

தேன்மொழி

நன்றி அக்கா. வடிகட்டி மாட்டியிருக்கிறது. உள்குழாய் பற்றி நாளை காலை கேட்கிறேன்.

இரவுப்பணி

20 வருட சிகரெட்டை விட்டுவிட்டேன். விட்ட பிறகுதான் இருமல் அதிகமாகிவிட்டது. பிடித்துக்கொண்டிருந்தபோது இவ்வளவு இல்லை. மறுபடி ஒன்று பற்றவைக்கலாமா என்று தோன்றுகிறது. அறிவுரை வேண்டாம், காரணம் மட்டும் சொல்லுங்கள்.

இயன்முறை நிர்மலா

காரணம் மட்டும் சொல்கிறேன். மூச்சுக்குழலின் உட்சுவரில் ஒவ்வொரு செல்லின் தலையிலும் 200 அளவில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. குற்றிழைகள் என்பார்கள். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும். நடுநடுவே இருக்கும் கோப்பைச் செல்களும் அடியில் இருக்கும் சுரப்பிகளும் சளியைச் சுரக்கும். குற்றிழைகள் நீர்த்த ஒரு திரவத்தில் நிற்கும், நுனி மட்டும் மேலிருக்கும் பிசுபிசுப்பான படலத்தைத் தொடும். முன்னோக்கி விறைப்பாக ஒரு அடி, திரும்பும்போது வளைந்து தாழ்ந்து. இப்படித் தூசியோடு சேர்ந்த படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் குரல்வளையை நோக்கி ஏறும். அங்கே வந்ததும் நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுவோம். நாள் முழுக்க இது நடக்கிறது.

புகை இந்த அடியை மந்தமாக்கும், குற்றிழைகளைக் குட்டையாக்கும், சளியை அதிகமாக்கும். பல வருடம் போனால் சில இடங்களில் குற்றிழைச் செல்களே போய், தோலில் இருப்பதைப் போன்ற தட்டைச் செல்கள் வந்துவிடும். அங்கே சளி நகராது, இருமித்தான் தள்ள வேண்டும். விட்டதும் குற்றிழைகள் மீள ஆரம்பிக்கும், தேங்கிக் கிடந்தது நகரும், அது மேலே வரும்போது இருமல் வரும். எல்லோருக்கும் வருவதில்லை, வருபவர்களுக்கும் சில வாரங்களில் தணியும். வெந்நீர் குடித்து, ஆழமாக மூச்சிழுத்து, வாயைத் திறந்து "ஹா" என்று ஊதித் தள்ளினால் சளி எளிதாக ஏறும், தொண்டை கிழிய இரும வேண்டாம். சளியில் ரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ, இருமல் மாதக்கணக்கில் நீடித்தாலோ இந்தக் காரணத்தை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள், படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி

சரி. பற்றவைக்கவில்லை.

கால்நடைக்காரன்

குற்றிழை பற்றி ஒரு உபரித் தகவல். பிறவியிலேயே குற்றிழை அடிக்காதவர்கள் உண்டு. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். சைனஸ், நுரையீரல் கோளாறு, இடம்மாறிய உறுப்புகள் மூன்றும் சேர்ந்து வருவதைக் கார்ட்டஜெனர் 1933-ல் விவரித்தார். காரணம் குற்றிழையில் என்று 1976-ல் ஸ்வீடனின் அஃப்செலியஸ் கண்டுசொன்னார். கருவில் எது இடம் எது வலம் என்று தீர்மானிப்பதிலும் குற்றிழைகளுக்குப் பங்கு உண்டு.

எதிர்காலன்

இவ்வளவு சிரமம் எதற்கு? பிளாஸ்டிக் மூச்சுக்குழல் செய்து, நோயாளியின் ஸ்டெம் செல்லைத் தடவிப் பொருத்திவிட்டார்களே, பல வருடத்துக்கு முன்பே செய்தியில் வந்தது. வெறும் குழாய்தானே?

மயக்கவியல் முருகேசன்

அந்தச் செய்திக்குப் பின்னால் வந்த செய்திகளையும் படியுங்கள். பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் 2011-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் செய்தது அது. உலகமே கைதட்டியது. ஸ்வீடனில் அப்படிப் பொருத்தப்பட்ட மூன்று பேரும் பிறகு இறந்துபோனார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

வெறும் குழாய் என்று நினைத்ததுதான் அங்கே வினை. சிறுநீரகத்துக்கு என்று ஒரு தமனி இருக்கிறது, எடுத்துத் தைக்கலாம். மூச்சுக்குழலுக்கு அப்படித் தனித் தமனி கிடையாது. மேல்பகுதிக்குத் தைராய்டுத் தமனியின் கிளைகள், கீழ்ப்பகுதிக்கு நுரையீரல் கிளைக்குழல்களுக்குப் போகும் தமனிகள். எல்லாம் இரண்டு பக்கவாட்டிலும் வந்து துண்டு துண்டாக ரத்தம் கொடுக்கின்றன. பிளாஸ்டிக்குக்கு ரத்தம் ஏது? ரத்தம் இல்லாவிட்டால் உட்சுவர் செல்கள் படியாது, குற்றிழை இல்லாவிட்டால் சளி ஏறாது. மூச்சிழுக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் கிருமிகள் வேறு அதன்மேல் விழும்.

2021 ஜனவரியில் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் எரிக் கென்டன் குழு, கொடையாளரின் மூச்சுக்குழலை அதன் ரத்த ஓட்டத்தோடு சேர்த்துப் பொருத்தியது. சுமார் 18 மணி நேர அறுவை. அது வேறு பாதை.

நடைமுறையில் குறுகலோ கட்டியோ இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இழுத்துத் தைப்பதுதான் வழக்கம். வளர்ந்தவர்களுக்கு நீளத்தில் ஏறக்குறைய பாதி வரை கூட எடுக்கலாம் என்பார்கள். முடிந்ததும் முகவாய்த் தோலுக்கும் நெஞ்சுத் தோலுக்கும் ஒரு கனத்த தையல் போட்டுவிடுவார்கள். நோயாளி மறந்துபோய்த் தலையை நிமிர்த்தினால் தைத்த இடம் பிய்ந்துவிடும் என்பதால் சுமார் ஒரு வாரம் அப்படியே குனிந்தபடி இருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினால் குழல் நீளும் என்று நிர்மலா சொன்னாரே, அது இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

வேதிமாறன்

எல்லோருக்கும் நன்றி. நாளைக்குப் படம் வரைந்து காட்டப்போகிறேன். குறுக்குவெட்டில் தசையோடு திறந்த வளையம், பக்கத்தில் இருமும்போது பிறையாகும் வளையம் இரண்டையும் போடுகிறேன். நீளவெட்டில் ஒரு சந்தேகம். குழல் பிரியும் இடத்தை எந்த மட்டத்தில் வரைவது? இரண்டு கிளைகளையும் ஒரே சாய்வில் வரைவது தப்புதானே?

மயக்கவியல் முருகேசன்

தப்புதான், பல வரைபடங்களில் அப்படித்தான் இருக்கிறது. பிரியும் இடம், அதாவது கரைனா, மார்பெலும்பின் மேல்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு இருக்கிறதே, அதற்கு நேர் பின்னால், நான்காவது ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில். ஆழமாக மூச்சிழுத்தால் இன்னும் ஒரு எலும்பு அளவு இறங்கும். வலது கிளை அகலம், குட்டை, சுமார் 2.5 செ.மீ., செங்குத்துக்கு நெருக்கம், 25 பாகை அளவில். இடதுகிளை ஒடுங்கியது, சுமார் 5 செ.மீ., 45 பாகை அளவில் விலகும், இதயத்துக்கு மேலே வளைந்து போக வேண்டுமே. கரைனாவின் மேல் ஒரு துளி பட்டாலும் இருமல் பிய்த்துக்கொண்டு வரும், அதையும் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

வளர்ந்தவர்களில் உள்ளே போகும் விதையோ பொம்மைத் துண்டோ பெரும்பாலும் வலப்பக்கம் போவது இந்தச் சாய்வால். குழந்தைகளில் கோண வித்தியாசம் அவ்வளவு இருக்காது, இரண்டு பக்கமும் போகலாம். நாங்கள் விடும் குழாய் அளவு தாண்டினாலும் வலப்பக்கமே நுழையும், இடது நுரையீரலில் காற்று போகாது. பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 செ.மீ. குறி பல்வரிசையில் நிற்கும்படி வைத்து, ஸ்டெதஸ்கோப்பை இரண்டு அக்குளுக்குக் கீழும் வைத்துக் கேட்போம். இடப்பக்கம் சத்தம் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு செ.மீ. பின்னால் இழுத்துவிட்டு மறுபடி கேட்போம்.